கொதிக்க வைத்தாலும் போகாத நஞ்சு



"தண்ணி பளிச்சுன்னு இருக்கு, உப்பும் கரிக்கலே. அப்புறம் என்னங்க பயம்?" என்று பூம்புகார்ப் பக்கத்துத் தாய்மார்கள் கேட்பதுண்டு. நியாயமான கேள்விதான். கிருமியாக இருந்தால் கொதிக்க வைத்ததும் செத்துவிடும். ஆனால் கொதித்தாலும் போகாத நஞ்சு ஒன்று உண்டு. கண்ணுக்கும் தெரியாது, நாக்குக்கும் தெரியாது.

எண்ணெய்த் தீயை அணைக்கும் சிலவகை நுரைகளில் 'பீஃபாஸ்' என்னும் ஃபுளூரின் இரசாயனங்கள் உள்ளன. இவை மண்ணில் மக்குவதில்லை. மழையோடு இறங்கி ஊற்றில் கலக்கின்றன. சுவீடன் நாட்டு ரொன்னிபி நகரில், இராணுவ விமானத்தளத்தில் கொட்டிய நுரை குடிநீரில் கலந்திருந்தது. 2013 டிசம்பரில்தான் அது தெரியவந்தது. அதுவரை மக்கள் அதையே குடித்தார்கள். நம் சென்னையிலும் பெருங்குடி குப்பைமேட்டைச் சுற்றிய நிலத்தடி நீரில் பீஃபாஸ் இருப்பதை ஐ.ஐ.டி. ஆய்வாளர்கள் கண்டார்கள். இச்செய்தி 2024-ல் வெளிவந்தது.

ஏன் கண்ணில் படுவதில்லை?

வழக்கமான பரிசோதனையில் உப்பு, ஃபுளூரைடு, கிருமி இவற்றைப் பார்ப்பார்கள். பல்லைக் கறையாக்கும் ஃபுளூரைடு வேறு, இது வேறு. அமெரிக்காவில் 2024-ல் விதித்த வரம்பின்படி, இவ்வகையில் முக்கியமான இரண்டு இரசாயனங்கள் லட்சம் கோடிப் பங்கு நீரில் தலா 4 பங்குக்கு மேல் கூடாது. அத்தனை நுண்ணிய அளவைத் தனிக் கருவிதான் காட்டும்.

அதிலும் ஒரு சிக்கல். கருவி, பட்டியலில் உள்ளவற்றை மட்டுமே எண்ணும். அரிசியை மட்டும் அளந்து, மூட்டையிலுள்ள நெல்லை விட்டுவிடுவது போல. நெல்லைக் குத்தினால்தானே அதிலுள்ள அரிசி தெரியும்? அதுபோல, மறைந்திருக்கும் இரசாயனங்களை உடைத்து, பிறகு அளக்கும் முறையை அமெரிக்க விஞ்ஞானிகள் 2012-ல் வெளியிட்டார்கள்.

குடும்பத்துக்கு என்ன கேடு?

இவை இரத்தத்தில் ஆண்டுக்கணக்கில் தங்கும். கொழுப்பு கூடலாம். குழந்தையின் எடையும் எதிர்ப்புச் சக்தியும் குறையலாம். இவற்றில் ஒன்று புற்றுநோய் உண்டாக்கும் என உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2023-ல் அறிவித்தது.

நீங்கள் செய்ய வேண்டியவை

1. நுரை வந்த கேனில் தண்ணீர் பிடிக்காதீர்கள்.
2. கிணற்றருகே நுரை கொட்டியிருந்தால் ஊராட்சியில் எழுதிக் கொடுத்து, பீஃபாஸ் சோதனை கேளுங்கள்.
3. நீரில் இருப்பது உறுதியானால் கொதிக்க வைத்துப் பயனில்லை. வேறு நீர் தேடுங்கள். கரி வடிகட்டியும் ஆர்.ஓ. கருவியும் குறைக்கும்.
4. தாய்ப்பாலை நிறுத்தாதீர்கள். அதன் நன்மையே பெரிது. சந்தேகம் இருந்தால் கிராம சுகாதார செவிலியரைக் கேளுங்கள்.

தெளிந்த நீரெல்லாம் நல்ல நீரல்ல. சோதித்த நீரே நல்ல நீர்!