ஆற்றோரம் தூங்கும் வண்டிக்கு ஒரு மேட்டு நிலம்

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஷிஃப்ட் முடித்து வெளியே வருகிறவருக்கு மலை வெகு தூரமில்லை. மேற்கே ஊத்துக்கோட்டையைத் தாண்டினால் நாகலாபுரம் மலைகள். அந்தப் பக்கத்திலேயே, ஆந்திர எல்லைக்குள், ஆரணியாற்றின் குறுக்கே பிச்சாட்டூர் அணை. வடக்கே தடா வழியாகப் போனால் உப்பலமடுகு அருவி. தேர்வாய் கண்டிகையில் தொழிற்பூங்கா இருக்கும் பகுதியிலேயே 2020 நவம்பரில் திறக்கப்பட்ட 500 மில்லியன் கனஅடி நீர்த்தேக்கம். திருவள்ளூருக்கு வடமேற்கே பூண்டி. பின்சீட்டை மடக்கி மெத்தையை விரித்து, சின்ன கேஸ் அடுப்பு ஒன்றைத் தூக்கிப் போட்டுக்கொண்டு சனிக்கிழமை மாலை தனியாகக் கிளம்புகிறவர்கள் இருப்பதில் வியப்பில்லை. கார் கேம்பிங் என்று அதற்குப் பெயரும் நிலைத்துவிட்டது. இப்படிக் கிளம்புகிறவரிடம் வீட்டார் முதலில் கேட்பது, “தனியாவா போறே?” என்பதுதான். அக்கறையான கேள்வி. ஆனால் அதற்கு முன்னால் கேட்க வேண்டியது வேறு: அங்கே தண்ணீர் எங்கிருந்து வருகிறது, மேலே திறந்துவிட்டால் உனக்கு யார் வந்து சொல்வார்கள்? இதற்குப் பதில் இல்லாதவரை, ஒருவராகப் போனாலும் இருபது பேராகப் போனாலும் ஆபத்து ஒன்றே.

2014 ஜூன் 8 அன்று இமாச்சலப் பிரதேசத்தில் நடந்ததை நினைத்துப் பார்க்கலாம். ஐதராபாத்திலிருந்து சுற்றுலா வந்த பொறியியல் மாணவர்கள் மண்டி மாவட்டத்தில் பியாஸ் ஆற்றுப் படுகையில் இறங்கிப் பாறைகள்மேல் நின்று படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். மேலே லார்ஜி அணையிலிருந்து தண்ணீர் திறக்கப்பட்டது. 24 மாணவர்களும் உடன் வந்த ஒருவரும் அடித்துச் செல்லப்பட்டார்கள். இருட்டுவதற்கு முன்பே, கூட்டமாக, விழித்துக்கொண்டிருந்தவர்களுக்கு நேர்ந்தது இது. அவர்களிடம் இல்லாதிருந்தது ஒன்றே ஒன்று: மதகு திறக்கப்போகிறது என்ற தகவல்.

நம் பக்கத்து ஆறுகளின் குணமும் இதற்கு இடம் கொடுப்பதுதான். கொசஸ்தலையாறும் ஆரணியாறும் ஆண்டின் பெரும்பகுதி மணலாகவே கிடக்கும். வண்டியை இறக்கி நிறுத்தலாம் போலத் தோன்றும். ஆனால் கொசஸ்தலையாற்றிலுள்ள பூண்டிக்கு வரும் வெள்ளத்தில் பெரும்பங்கு பூண்டியில் பெய்த மழையால் வருவதல்ல. நகரி ஆற்றின் மலைப்பக்கத்தில் மழை கொட்டினால், ஆந்திரத்தின் அம்மப்பள்ளி போன்ற அணைகள் நிரம்பி உபரிநீர் இந்தப் பக்கம் இறங்கும். இங்கே வானம் தெளிந்து நட்சத்திரம் தெரிந்துகொண்டிருக்கும். 1944இல் கட்டி முடிக்கப்பட்டு, சென்னை மேயராக இருந்த சத்தியமூர்த்தியின் பெயரைத் தாங்கி நிற்கும் பூண்டி நீர்த்தேக்கத்தின் முழு உயரம் 35 அடி. அந்த அளவை நெருங்கும்போது மதகுகளைத் திறப்பார்கள். செய்தியில் ‘வினாடிக்கு 1,000 கனஅடி’ என்று படிக்கும்போது அது சிறிய எண்ணாகத் தெரியும். ஒரு கனஅடி 28 லிட்டருக்குச் சற்று அதிகம். வரத்து கூடி 5,000 கனஅடியாக உயர்த்தினால், சென்னைத் தெருக்களில் ஓடுகிற 12,000 லிட்டர் டேங்கர் லாரிகள் ஏறக்குறைய பன்னிரண்டு, ஒவ்வொரு வினாடியும் ஆற்றில் கவிழ்வதற்குச் சமம். ஓடும் தண்ணீர் ஓரடி ஆழம் இருந்தாலே சின்னக் கார்களைத் தூக்கிவிடும். இரண்டடி என்றால் பெரும்பாலான வண்டிகள் நிற்காது. 2015 டிசம்பரிலும் 2021 நவம்பரிலும் இதே மதகுகள் வழியாகப் பல்லாயிரம் கனஅடி போனது.

இந்த ஆற்றங்கரையில் மனிதர் தங்குவது புதிதன்று என்பதையும் சொல்ல வேண்டும். 1863இல் நிலவியலாளர் ராபர்ட் புரூஸ் ஃபூட் கண்டெடுத்த அத்திரம்பாக்கம் கற்கருவிகள் கொசஸ்தலையாற்றுப் படுகையைச் சேர்ந்தவை. தொல்லியலாளர்கள் சாந்தி பப்புவும் குமார் அகிலேஷும் செய்த ஆய்வுகள் அங்குள்ள மிகப் பழைய கருவிகளின் காலத்தை ஏறக்குறைய 15 லட்சம் ஆண்டுகளுக்குக் கொண்டுபோயின. எனக்கு அந்தக் காலக்கணக்கைவிட வியப்பானது, கருவிகள் கிடந்த மண். பழைய கருவிகள் பல, ஆறு கரைமீறிப் பரவிப் படியவைத்த களிமண் அடுக்குகளில் கிடைத்தவை. ஆறு ஏறி வரும் இடத்தை அதன் மண்ணே பதிவு செய்து வைத்திருக்கிறது.

இன்றைய ஆறும் அப்படித்தான் எழுதி வைக்கிறது; படிக்கத் தெரிய வேண்டும். கரையில் நிற்கும் சீமைக்கருவேல முட்களைப் பாருங்கள். காய்ந்த நாணலும் செத்தையும் கிழிந்த பாலித்தீன் பைகளும் ஒரே உயரத்தில் சிக்கித் தொங்கும். கடைசி வெள்ளம் தொட்ட மட்டம் அது. அது உங்கள் இடுப்பளவில் இருந்தால், நீங்கள் நிற்பது ஆற்றுக்குள். காலடியில் மெல்லிய வண்டல் காய்ந்து ஓட்டுத்துண்டு போல வெடித்து ஓரம் சுருண்டிருந்தால், அங்கே தண்ணீர் தேங்கி நின்று வடிந்திருக்கிறது. மணல் அள்ளிய பள்ளங்கள் வேறு. முதல் தண்ணீர் வந்ததும் பள்ளமும் சமதரையும் ஒன்றுபோலத் தெரியும். வந்த வழியில் தரைப்பாலம் இருந்தால், நீங்கள் மேட்டில் இருந்தாலும் திரும்ப முடியாது. ஊத்துக்கோட்டையில் ஆரணியாற்றுத் தரைப்பாலம் மூழ்கிப் போக்குவரத்து நின்ற மழைக்காலங்கள் அந்த ஊராருக்கு நன்றாக நினைவிருக்கும்.

தனியாக இருப்பதில் ஆபத்தே இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. கண்ணாடியை ஏற்றிவிட்டுத் தூங்குகிறவருக்கு வெள்ள எச்சரிக்கை சொல்லும் ஒலிபெருக்கி கேட்காது. தட்டி எழுப்ப ஆளில்லை. அதைவிட மோசமானது, வெக்கைக்காக இன்ஜினையோ ஜெனரேட்டரையோ ஓடவிட்டு மூடிய வண்டிக்குள் படுப்பது. 2024 டிசம்பரில் கேரளத்தின் வடகராவில் சாலையோரம் நின்ற கேரவனுக்குள் இருவர் இறந்துகிடந்தார்கள். ஜெனரேட்டர் புகையின் கார்பன் மோனாக்சைடு உள்ளே புகுந்ததே காரணம் என்று பிறகு தெரிந்தது. நிறமில்லை, மணமில்லை, தூங்குகிறவர் விழிப்பதற்கு முன்பே நினைவு போய்விடும். அங்கே இருந்தவர்கள் இருவர் என்பதையும் கவனிக்க வேண்டும்.

தனியாக வண்டியில் இரவைக் கழிப்பதைத் தொழிலாகவே செய்கிறவர்கள் இந்தப் பகுதியில் எப்போதும் உண்டு. சென்னை–கொல்கத்தா நெடுஞ்சாலையில் சரக்கு இறக்க முறைக்காகக் காத்திருக்கும் லாரி ஓட்டுநர்கள்தான் அவர்கள். கிளீனர் இல்லாமல் ஒற்றை ஆளாக ஓட்டுவது இப்போது சாதாரணம். பக்கவாட்டுப் பெட்டியைத் திறந்து அடுப்பை எடுத்து, வண்டி நிழலில் சோறு பொங்குவார்கள். டீக்கடை வெளிச்சம் படுகிற இடமாகப் பார்த்து நிறுத்துவார்கள்; டயருக்குக் கல் வைப்பார்கள்; எந்த ஊரில் நிற்கிறோம் என்று வீட்டுக்கு ஒரு போன் போடுவார்கள். கார் கேம்பிங் கற்றுக்கொள்ள நினைப்பவருக்கு இதைவிட நல்ல பாடம் இல்லை. அரசிடம் நான் கேட்பதும் இவர்கள் பெயரிலும் சேர்த்துத்தான்: சமதளமான ஒரு மேடு, ஒரு கழிப்பறை, ஒரு குழாய், ஒரு விளக்கு, வண்டி எண்ணைக் குறித்துக்கொள்ள ஒரு காவலர். வசதி உள்ளவர்களின் பொழுதுபோக்குக்கு அரசுப் பணமா என்று கேட்பவர்கள், நெடுஞ்சாலை ஓரத்தில் கழிப்பறைக்கு இடமின்றி இரவைத் தள்ளும் ஓட்டுநரை ஒரு நிமிடம் நினைத்துப் பார்க்கட்டும். பெண்கள் தனியாகக் கிளம்பத் தயங்குவதற்கும் அந்தக் கழிப்பறையும் விளக்கும் இல்லாதது பெரிய காரணம்.

தடை போட்டால் போயிற்று என்பது இன்னொரு வாதம். காப்புக்காட்டுக்குள் அனுமதியின்றி இரவில் தங்குவது குற்றம். அது அப்படியே இருக்க வேண்டும். ஆனால் எங்கும் கூடாது என்று மட்டும் சொன்னால், போகிறவர்கள் போலீஸ் கண்ணில் படாத இருட்டான படுகையைத் தேடுவார்கள். ஆபத்தான இடமும் அதுவே. இந்தக் கேள்வியை மலையேற்றத்தில் தமிழ்நாடு ஏற்கெனவே சந்தித்திருக்கிறது. 2018 மார்ச் 11 அன்று குரங்கணிக் காட்டுத்தீயில் இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அதன்பின் அதே ஆண்டில் மலையேற்றத்துக்கு விதிகள் வந்தன. 2024 அக்டோபரில் வனத்துறை 40 பாதைகளை வகுத்து, வழிகாட்டியோடும் முன்பதிவோடும் திறந்தது. அந்தப் பட்டியலில் பூண்டிக்குப் பக்கத்துக் குடியம் குகைகளும் இருக்கின்றன. மலைக்குச் செய்ததை ஆற்றங்கரைக்கும் செய்யலாம்.

எதிர்ப்புகளில் எனக்கு வலுவாகத் தோன்றுவது குடிநீர் பற்றியது. பூண்டியும் தேர்வாய் கண்டிகையும் சென்னை குடிக்கும் தண்ணீர். 1983இல் எம்.ஜி.ஆரும் என்.டி.ராமராவும் கையெழுத்திட்ட ஒப்பந்தத்தால், ஆந்திரத்தின் கண்டலேறு அணையிலிருந்து நீண்ட கால்வாய் வழியாகக் கிருஷ்ணா நீரும் பூண்டிக்குத்தான் வந்து சேர்கிறது. அதன் ஓரத்தில் எண்ணெய்ச் சட்டி கழுவுவதையும் பாட்டில் உடைப்பதையும் யாரும் அனுமதிக்கக் கூடாது. ஆகவே நான் கேட்கும் மேட்டு நிலம் நீர்ப்பரப்பை ஒட்டி இருக்க வேண்டாம். தண்ணீர் கண்ணுக்குத் தெரிகிற, கழிவு அதை நோக்கி ஓடாத சரிவில் இருந்தால் போதும். நீரோரத்தில் படுத்தால்தான் சுகம் என்பவர் அந்த ஒரு சுகத்தை விட்டுக்கொடுக்கத்தான் வேண்டும்.

பூண்டியைத் திறக்கும்போதெல்லாம் மாவட்ட நிர்வாகம் கரையோர ஊர்களின் பட்டியலை வெளியிடும். நம்பாக்கம், ஒதப்பை, மெய்யூர், வெள்ளியூர், தாமரைப்பாக்கம் என்று அது எண்ணூர்வரை நீளும். அந்த ஊர்க்காரர்களுக்கு எச்சரிக்கை போய்ச் சேரும். எங்கிருந்தோ வந்து ஒதப்பைக்கு மேலே மணலில் காரை நிறுத்தித் தூங்குகிறவர் எந்த ஊர்க்காரரும் இல்லை. அவரைத் தேடிப் போக யாருக்கும் வழியில்லை. அரசு ஒதுக்கும் மேட்டு நிலத்துக்கு ஒரு பெயர் இருந்தால், அந்தப் பெயரும் பட்டியலில் ஏறும். அங்குள்ள காவலரின் போனும் மற்ற ஊர்களோடு சேர்ந்து ஒலிக்கும். வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்குகிறது.