முறிந்த கையும் ஐந்து விரல்களும்

இடைவேளை மணி அடித்ததும் நம் பள்ளியின் சின்னஞ்சிறு தங்கையர் ஓடும் ஓட்டத்தை நாம் நாள்தோறும் காண்கிறோம். ஓட்டம் என்றால் விழுதலும் உண்டு. விழும் குழந்தை கையை நீட்டி ஊன்றுகிறது. உடலின் பாரமெல்லாம் கையில் இறங்குகிறது. ஐந்து முதல் ஏழு வயதுக் குழந்தைகளுக்கு முழங்கைக்குச் சற்று மேலே, எலும்பு மெலிந்திருக்கும் இடத்தில் முறிவு ஏற்படுவது மிகுதி. அதையொட்டியே இரத்தக் குழாயும் மூன்று நரம்புகளும் செல்கின்றன. ஆகவே, எலும்போடு விரல்களையும் காப்பதே சிகிச்சையின் நோக்கம்.

அவசர சிகிச்சைப் பிரிவில் முதலில் கையை அசையாமல் தாங்கி வைத்து, வலி குறைய மருந்து தருவர். ஊசிக்குப் பதிலாக மூக்கில் தெளிக்கும் மருந்தும் இன்று உண்டு. மருத்துவர் மணிக்கட்டில் நாடி பார்ப்பார். விரல்களின் நிறத்தையும் சூட்டையும் கவனிப்பார். பிறகு குழந்தையோடு விளையாடுவார்! "கல்லைப் போல் கையை மூடு, காகிதம் போல் விரி, கத்தரிக்கோல் போல் இரு விரல்களைக் காட்டு, பெருவிரலையும் சுட்டுவிரலையும் சேர்த்து வட்டம் போடு" என்பார். இது வெறும் விளையாட்டன்று. நரம்புகள் நலமா என்று அறியும் சோதனை. அதன்பின் எக்ஸ்ரே எடுப்பர். எலும்பு விலகாதிருந்தால் கட்டுப் போதும். மிகவும் விலகியிருந்தால் மயக்க மருந்து கொடுத்து, நேராக்கி, மெல்லிய கம்பிகளால் நிறுத்துவர்.

இறுக்கமான கட்டினால் இரத்த ஓட்டம் தடைப்பட்டுத் தசைகள் சுருங்கி, விரல்கள் மடங்கிப்போவதை ஜெர்மானிய மருத்துவர் ரிச்சர்ட் ஃபான் வோல்க்மன் 1881-ஆம் ஆண்டிலேயே விளக்கினார். தசைகள் அழியச் சில மணி நேரமே போதும்.

எனவே நாம் செய்ய வேண்டியவை எவை? கையை இழுக்கவோ, எண்ணெய் தேய்த்து உருவவோ கூடாது. வீக்கம் ஏறுமுன் வளையலையும் மோதிரத்தையும் கழற்றிவிட வேண்டும். கை இருக்கும் நிலையிலேயே அட்டையை அணைத்து, துணியால் தளர்வாகக் கட்டித் தாங்க வேண்டும். மயக்க மருந்து தேவைப்படலாம். ஆதலால் உணவோ பானமோ கொடுக்கலாகாது. அழும் குழந்தையை அதட்டாமல், அன்னை அருகிலிருந்து ஆறுதல் கூற வேண்டும்.

மாவுக்கட்டுப் போட்டு வீடு திரும்பியதும் கையைத் தலையணை மேல் உயர்த்தி வைக்க வேண்டும். மருந்து கொடுத்தும் வலி ஏறினாலோ, விரல்கள் வெளுத்தாலோ, நீலம் பாய்ந்தாலோ, மரத்துப்போனாலோ, நள்ளிரவானாலும் மருத்துவமனைக்கு விரைய வேண்டும். முறிந்த எலும்பு சில வாரங்களில் கூடிவிடும். தசை அழிந்த கையை முன்போல் ஆக்குவதோ அரிது. விடியட்டும் என்று காத்திருக்கலாகாது.