ஜம்பையில் ஒரே ஒரு வரி

கள்ளக்குறிச்சி மாவட்டத்தில், மணலூர்ப்பேட்டைக்குப் பக்கத்தில் இருக்கிறது ஜம்பை. அந்த ஊர்ப் பாறைக் குகையில் 1981-ல் தமிழகத் தொல்லியல் துறை ஒரு தமிழ்ப் பிராமிக் கல்வெட்டைக் கண்டறிந்தது. 'ஸதியபுதோ அதியன் நெடுமான் அஞ்சி ஈத்த பாளி.' அவ்வளவுதான், ஒரே வரி. மன்னன் அதியமான் அஞ்சி கொடுத்த உறைவிடம் என்பது பொருள். முதல் எழுத்தைக் கவனியுங்கள்: தமிழில் இல்லாத 'ஸ'! அசோகரின் கல்வெட்டுகள் சேர, சோழ, பாண்டியரோடு சொல்லும் சத்தியபுத்திரர் யார் என்று அறிஞர்கள் நெடுநாள் மல்லுக்கட்டினார்கள். பதில் இந்தப் பாறையில் இருந்தது: 'ஸதியபுதோ' என்பது அதியமான்தான்.

இந்தக் கல்வெட்டு கிடைத்தபோது தொல்லியல் துறையின் இயக்குநர் இரா. நாகசாமி. கங்கைகொண்ட சோழபுரத்தில் மண்ணுக்குள் கிடந்த சோழர் மாளிகையை அகழ்ந்ததும் அவர் காலத்தில்தான். 2018-ல் பத்மபூஷண் பெற்றார், 2022-ல் மறைந்தார்.

கல்வராயன் மலைக்குப் போகிறவர்கள் ஜம்பையையும் எட்டிப் பாருங்கள். பாறையில் உங்கள் பெயரை மட்டும் எழுதிவிடாதீர்கள்!