அருகில் ஒரு கணினி

தாராவி, மாட்டுங்கா, செம்பூர் ஆகிய இடங்களைச் சேர்ந்த மாணவர் மூவர் ஒரே மெய்நிகர் உலகில் பந்து விளையாடுகின்றனர் எனக் கொள்க. அவ்வுலகை இயக்கும் கணினி ஏறத்தாழ 3,900 கி.மீ. தொலைவிலுள்ள சிங்கப்பூரில் இருக்கிறது. கண்ணாடி இழையில் ஒளி நொடிக்கு ஏறத்தாழ 2 இலட்சம் கி.மீ. செல்லும். ஆகவே, செய்தி சென்று திரும்பவே 39 மில்லிநொடி ஆகும். தலையில் அணியும் கருவியில் காட்சி ஏறத்தாழ 20 மில்லிநொடிக்குள் மாறாவிடில் தலைசுற்றல் ஏற்படலாம். எனவே, பயனருக்கு அருகிலேயே கணினியை அமைக்கின்றனர். இதுவே விளிம்புக் கணிமை எனப்படும்.

அருகிலுள்ள கணினியின் ஆற்றல் சிறிது; பயனரோ பலர். மிகுதியாகக் கட்டணம் செலுத்துவோருக்கே அதனை அளித்தால், ஏனையோரின் காட்சி பிந்தும். பந்தைக் காணும் முன்பே அது அவர்களைக் கடந்துவிடும். அனைவருக்கும் சமமாகப் பிரித்தால், ஓடி ஆடுபவருக்குப் போதாது. அமர்ந்து காண்பவருக்கு எஞ்சும்.

பொதுக்குழாயில் வீட்டிற்கு ஒரு குடம் நிரம்பிய பின்னரே, ஆள் மிகுந்த வீட்டிற்கு அடுத்த குடம் வைப்பது முறை. அவ்வாறே, ஒவ்வொருவருக்கும் இன்றியமையாத பங்கை முதலில் உறுதிசெய்து, எஞ்சியதைத் தேவைக்கேற்பப் பகிரலாம். காத்திருக்கக்கூடிய பணிகளைத் தொலைவிலுள்ள கணினிக்கு அனுப்பலாம். ஒருவர் பின்தங்கினாலும் விளையாட்டு அனைவருக்கும் குலையும்.