ஒரே விலை, வேறு வேறு செலவு

தே தாரிக் வரட்டும், தம்பி. அதற்குள் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நம் பினாங்கில் டத்தோ கிராமாட்டில் மலிவா, ஜெலுத்தோங்கில் மலிவா என்று எண்ணெய் ஸ்டேஷன் ஸ்டேஷனாகச் சுற்ற வேண்டாம். எந்த நிறுவனத்தின் பலகை தொங்கினாலும் ரோன்95 பெட்ரோல் விலை ஒன்றுதான். உலகச் சந்தை விலை, நிறுவனத்தின் செலவு, ஸ்டேஷன் நடத்துபவரின் பங்கு எல்லாவற்றையும் சேர்த்து அரசாங்கமே உச்சவிலை வைக்கிறது. 1983-இல் வந்த ஏற்பாடு அது. இப்போது புதன்கிழமை அறிவிப்பார்கள், வியாழன் முதல் அந்த விலை. நடத்துபவருக்கு லிட்டருக்குக் கிடைப்பது சில காசு. அதிலிருந்து அவர் என்ன தள்ளுபடி தர முடியும்?

தேடினால் பலன் கிடைக்கும் ஊர்களும் உண்டு. மாநில வரி வேறு என்பதால் கடலூர்க்காரர்கள் புதுச்சேரிக்குள் போய் டேங்கை நிரப்புகிறார்கள். மேற்கு ஆஸ்திரேலியாவில் 2001 முதல் ஸ்டேஷன்கள் மறுநாள் விலையை முதல் நாளே சொல்லியாக வேண்டும். அங்கே ஒப்பிட்டுப் பார்ப்பவர் கெட்டிக்காரர். இங்கே விலையைத் தேடி இரண்டு கிலோமீட்டர் போனால் அந்த எண்ணெய்தான் வீண்.

இங்கே விலை மாறுவது ஆளைப் பொறுத்து. புடி95 திட்டம் 2025 செப்டம்பர் 30 அன்று மலேசியர் எல்லாருக்கும் திறந்தபோது சலுகை விலை லிட்டருக்கு 1 வெள்ளி 99 காசு, ஒருவருக்கு மாதம் 300 லிட்டர். சலுகை இல்லாதவருக்கு அப்போது 2 வெள்ளி 60 காசு. சலுகை காருக்கு இல்லை, உங்கள் பெயருக்கு. மைகார்டு அடையாள அட்டையும் செல்லுபடியாகும் லைசென்ஸும் வேண்டும். மைகார்டை வீட்டில் வைத்துவிட்டு வந்து அவசரத்தில் 35 லிட்டர் போட்டால், அந்தக் கணக்கில் 21 வெள்ளிக்கு மேல் கூடுதலாகப் போகும். லைசென்ஸ் எப்போது முடிகிறது என்று இன்றே பாருங்கள்.

விலை நம் கையில் இல்லை. எத்தனை லிட்டர் எரிக்கிறோம் என்பது பெரும்பாலும் நம் கையில்தான். முதலில் அதை அளக்கப் பழகுங்கள். பம்ப் தானாக நிற்கும்வரை நிரப்பி, மீட்டரில் பயண தூரத்தைப் பூஜ்யமாக்குங்கள். அடுத்த முறையும் அப்படியே தானாக நிற்கும்வரை நிரப்பி, ஓடிய கிலோமீட்டரைப் போட்ட லிட்டரால் வகுத்துப் பாருங்கள். பாயான் லெப்பாஸ் ஃபேக்டரிக்குப் போய்வர நாளுக்கு 30 கிலோமீட்டர், மாதம் 26 நாள் என்று வைத்துக்கொள்வோம், மொத்தம் 780. லிட்டருக்கு 12 கிலோமீட்டர் கொடுத்தால் 65 லிட்டர், அந்த 1 வெள்ளி 99 காசு கணக்கில் 129 வெள்ளி. அதே கார் 14 கொடுத்தால் ஏறத்தாழ 111 வெள்ளி. மாதம் 18 வெள்ளி மிச்சம். இதற்கு எந்தக் கருவியும் வாங்க வேண்டாம்.

அந்த 12-ஐ 14 ஆக்குவது எப்படி? ஓட்டுநர் கதவைத் திறந்து பக்கத் தூணைப் பாருங்கள். டயர் காற்று அளவு போட்ட ஸ்டிக்கர் இருக்கும், கிலோபாஸ்கல் கணக்கில். பலர் அதைப் பார்ப்பதே இல்லை. பழக்கத்தில் ஏதோ ஒரு எண்ணைக் காற்று மெஷினில் அழுத்திவிட்டு, 'பீப்' கேட்டதும் கிளம்பிவிடுகிறார்கள். ஸ்டிக்கரில் உள்ள எண்ணை வையுங்கள். காலையில் டயர் சூடாகுமுன், வீட்டுக்குப் பக்கத்து ஸ்டேஷனிலேயே பாருங்கள். ஓடிச் சூடேறிய டயர் அளவைக் கூட்டிக் காட்டும். காற்று குறைந்தால் எண்ணெய்ச் செலவு சிறிதளவுதான் ஏறும், ஆனால் டயர் சீக்கிரம் தேயும். டயர் விலை உங்களுக்குத் தெரியும்.

பெரிய மிச்சம் கால் பெடலில் இருக்கிறது. தைப்பூசத்தன்று வெள்ளி ரதம் போகும் டத்தோ கிராமாட் சாலையில் மற்ற நாள்களில் ஒரு விளக்கிலிருந்து அடுத்த விளக்குக்குப் பாய்ந்து போய் பிரேக் அடிப்பவர்களைப் பார்க்கிறேன், மனம் பதைக்கிறது. எண்ணெயை எரித்துச் சேர்த்த வேகத்தைப் பிரேக்கில் சூடாக்கித் தொலைக்கிறார்கள். முன்னே சிவப்பு தெரிந்ததும் காலை எடுத்துவிட்டால் போதும், கார் தானாக உருண்டு போய் நிற்கும். ஓட்டும் பாணியை மட்டும் மாற்றியே நெரிசலில் பத்து சதவீதத்துக்கு மேல் மிச்சம் பிடிக்கலாம். பினாங்குப் பாலத்தில் மணிக்கு 80 கிலோமீட்டரைத் தாண்டாதீர்கள். வேகம் இரட்டித்தால் காற்றின் தடை நான்கு மடங்காகும். பாடாங் பிரவுனில் ஒருவருக்காகக் காத்திருக்கும்போது இஞ்சினை நிறுத்திவிட்டு நிழலில் இறங்கி நில்லுங்கள். நின்ற இடத்திலேயே ஓடும் இஞ்சின் மணிக்கு ஒரு லிட்டர் அளவுக்குக் குடிக்கும், ஏசி போட்டால் இன்னும் கூடும்.

ரோன்97 போட்டால் அதிக தூரம் ஓடும் என்று ஃபேக்டரியில் யாரோ சொன்னார்களே, அதையும் சொல்லிவிடுகிறேன். அந்த எண் எண்ணெயின் சக்தியைக் காட்டுவதில்லை. இஞ்சினுக்குள் நேரத்துக்கு முன்பே தானாக வெடிக்காமல் தாக்குப்பிடிக்கும் திறனைக் காட்டுகிறது. கார்ப் புத்தகத்தில் 95 போதும் என்று இருந்தால் 97-க்குக் கொடுக்கும் காசு உங்கள் காருக்குப் பயன்படாது. அதற்குச் சலுகை விலையும் கிடையாது. புத்தகம் டேஷ்போர்டு அறையில் கிடக்கும், எடுத்துப் பாருங்கள்.