தலை இல்லாமல் நடக்கும் ராணி!

இரவு மணி 10 ஆகப்போகிறது.

லண்டன் நகரில், தேம்ஸ் நதிக்கரையில் ஒரு பழைய கோட்டை. சிவப்பு அங்கி அணிந்த தலைமைக் காவலர் ஒரு கையில் விளக்கும், மறு கையில் சாவிக்கொத்துமாக வருகிறார். கோட்டைக் கதவுகள் ஒவ்வொன்றாகப் பூட்டப்படுகின்றன.

"நில்! யார் அங்கே?" என்று ஒரு சிப்பாய் அதட்டுகிறான்.

"சாவிகள்!"

"யாருடைய சாவிகள்?"

"மன்னர் சார்லசின் சாவிகள்!"

சிப்பாய் வழி விடுகிறான். பல நூறு ஆண்டுகளாக ஒவ்வொரு இரவும் நடக்கும் சடங்கு இது.

அதன் பிறகு வெளியார் யாரும் உள்ளே நுழைய முடியாது. ஆனால், கதவும் பூட்டும் தடுக்க முடியாத சிலர் அந்தக் கோட்டைக்குள் உலாவுகிறார்கள் என்று லண்டன் மக்கள் சொல்லுகிறார்கள்.

அவர்களில் ஒருத்திக்குத் தலை இல்லை!

மயங்கி விழுந்த சிப்பாய்

இந்தக் கோட்டையின் நடுவே உள்ள வெள்ளைக் கோபுரத்தை 1070-களில் கட்டத் தொடங்கியவன், இங்கிலாந்தை வென்ற வில்லியம் மன்னன். பின்னால் வந்த மன்னர்களுக்கு இதுவே அரண்மனை, இதுவே சிறைச்சாலை!

1864-ம் ஆண்டு நடந்ததாக ஒரு கதை சொல்லுகிறார்கள்.

நள்ளிரவில் ஒரு சிப்பாய் பாரா கொடுத்துக்கொண்டு இருந்தான். பனி மூட்டத்தில் வெள்ளையாக ஒரு பெண் உருவம் வந்தது. "நில்!" என்று கத்தினான். உருவம் நிற்கவில்லை. துப்பாக்கி நுனியில் செருகி இருந்த கத்தியால் குத்தினான். கத்தி, காற்றில் பாய்வது போல உருவத்துக்குள் புகுந்து வெளியே வந்தது! உருவத்துக்குத் தலையே இல்லை.

சிப்பாய் மயங்கி விழுந்தான். காவல் வேலையில் தூங்கிவிட்டதாக அவன் மீது ராணுவ விசாரணை நடந்தது. "நாங்களும் ஜன்னல் வழியாகப் பார்த்தோம்" என்று வேறு சிலர் சாட்சி சொன்னதால், அவன் தப்பினான். கதை இவ்வளவுதான்.

யார் அந்தப் பெண்?

அவள் பெயர் ஆன் போலின். இங்கிலாந்து மன்னன் 8-வது ஹென்றியின் இரண்டாவது மனைவி.

கதை இங்கே முடிகிறது. இனி வருவது சரித்திரம்.

குற்றம் என்ன?

ஹென்றிக்கு ஆண் வாரிசு வேண்டும் என்று தீராத ஆசை. முதல் மனைவிக்குப் பிழைத்தது ஒரு மகள் மட்டுமே. அவளை ஒதுக்கிவிட்டு, ஆன் போலினை மணந்தான். 1533-ம் ஆண்டு ஜூன் 1-ந் தேதி ஆனுக்கு முடிசூட்டு விழா நடந்தது. விழாவுக்கு முன்பு அவள் தங்கி இருந்தது இதே கோட்டையில்தான்.

அதே ஆண்டு செப்டம்பரில் குழந்தை பிறந்தது. பெண் குழந்தை!

மன்னன் முகம் வாடியது. 1536 ஜனவரியில் ஆனுக்குக் கருச் சிதைந்தது. மன்னனின் கண் வேறொரு பெண் மீது போயிற்று.

மே 2-ந் தேதி ராணி கைது செய்யப்பட்டாள். உடன்பிறந்த சகோதரன் உள்பட 5 ஆண்களோடு தகாத உறவு, மன்னனைக் கொல்லச் சதி என்று அவள் மீது குற்றம் சாட்டினார்கள். இவை ஜோடிக்கப்பட்டவை என்பதே இன்றைய சரித்திர ஆசிரியர்களில் பெரும்பாலோர் கருத்து.

விசாரணைக்குத் தலைமை வகித்தவர் யார் தெரியுமா? ராணியின் சொந்தத் தாய்மாமன்! அவர் வாயாலேயே மரண தண்டனை வந்தது.

முடிசூட்டு விழாவுக்காக எங்கே தங்கினாளோ, அங்கேயே சாவை எதிர்பார்த்துக் காத்திருந்தாள். தன் கழுத்து சிறியது, வேலை சுலபமாக முடியும் என்று சொல்லிச் சிரித்தாளாம்.

மே 19-ந் தேதி காலை, கடல் கடந்து வரவழைக்கப்பட்ட ஒருவன் வாளால் ஒரே வீச்சில் அவள் தலையை வெட்டினான். சவப்பெட்டிகூட யாரும் ஏற்பாடு செய்யவில்லை. அம்புகள் வைக்கும் பழைய பெட்டியில் போட்டு, கோட்டைக்குள் இருக்கும் தேவாலயத்தில் புதைத்தார்கள்.

11-வது நாள் மன்னனுக்கு அடுத்த கல்யாணம்!

கைகோத்து வரும் சிறுவர்கள்

இந்தக் கோட்டையில் இன்னும் இரண்டு ஆவிகள் உண்டு என்கிறார்கள். வெள்ளை இரவு உடையில், கைகோத்து வரும் இரண்டு சிறுவர்கள்.

1483-ம் ஆண்டு மன்னன் 4-வது எட்வர்ட் இறந்தான். மூத்த மகனுக்கு வயது 12. இளையவனுக்கு 9. சிறுவர்கள் இருவரும் கோட்டையில் வைக்கப்பட்டார்கள். அவர்களுக்குப் பாதுகாவலனாக இருக்க வேண்டிய சித்தப்பா ரிச்சர்டு, தானே முடிசூட்டிக்கொண்டான்.

கோட்டைத் தோட்டத்தில் விளையாடிக்கொண்டு இருந்த பிள்ளைகள், அந்தக் கோடைக்குப் பிறகு யார் கண்ணிலும் படவில்லை.

1674-ம் ஆண்டு ஒரு மாடிப்படியை இடித்தபோது, அடியில் ஒரு பெட்டி கிடைத்தது. உள்ளே இரண்டு குழந்தைகளின் எலும்புகள்! அவை இளவரசர்களுடையவை என்று நம்பி, வெஸ்ட்மின்ஸ்டர் தேவாலயத்தில் வைத்தார்கள். அவர்களுடையவைதானா என்பது இன்றுவரை நிரூபிக்கப்படவில்லை.

ஆராய்ச்சி சொல்வது

ஆவிகள் உண்மையா?

ஹென்றியின் இன்னொரு அரண்மனை ஹாம்ப்டன் கோர்ட். அங்கே அவனுடைய 5-வது மனைவி கேத்தரின் அலறிக்கொண்டு ஓடுவதாகச் சொல்லப்படும் ஒரு நடை உண்டு. அவளும் இதே லண்டன் கோட்டையில் 1542-ம் ஆண்டு தலை வெட்டப்பட்டவள். ஆனுக்குத் தாய்மாமன் மகள்!

அந்த அரண்மனையிலும், எடின்பரோ நகரின் நிலவறைகளிலும் விஞ்ஞானிகள் சோதனை நடத்தினார்கள். முடிவு 2003-ம் ஆண்டு வெளியாயிற்று. திடீர்க் குளிர், பக்கத்தில் யாரோ நிற்பது போன்ற எண்ணம் ஆகியவை பலருக்கு உண்டாயின. இதற்குக் காரணம் ஆவி அல்ல; மங்கிய வெளிச்சம், இடத்தின் அமைப்பு போன்றவை மனதை அப்படி உணரச் செய்கின்றன என்பது அவர்கள் கருத்து.

நள்ளிரவு, பனி, தனிமை, தூக்கம் இல்லாத கண். சிப்பாய்க்கு வேறு என்ன வேண்டும்?

வேண்டாத பெண் குழந்தை

தலை இல்லாத உருவம் பொய்யாக இருக்கலாம். தலை வெட்டப்பட்டது பொய் அல்ல.

ஹென்றி ஏங்கிய ஆண் குழந்தை, மூன்றாவது மனைவிக்குப் பிறந்தது. 9 வயதில் முடிசூடிய அந்தப் பிள்ளை, 15 வயதில் நோயால் இறந்தான்.

தாய் வெட்டுப்பட்டபோது 3 வயதுகூட நிரம்பாத அந்தப் பெண் குழந்தை என்ன ஆனாள்?

அவள்தான் எலிசபெத் மகாராணி! 1558 முதல் 1603 வரை 44 ஆண்டுகள் இங்கிலாந்தை ஆண்டாள். ஸ்பெயின் நாட்டின் பெரும் கடற்படை 1588-ல் படையெடுத்து வந்து தோற்றது அவள் காலத்தில்தான்.

1876-ம் ஆண்டு விக்டோரியா மகாராணி காலத்தில் தேவாலயத்தைப் பழுது பார்த்தபோது எலும்புகள் கிடைத்தன. அவற்றை மரியாதையோடு மீண்டும் புதைத்து, ஆன் போலின் பெயர் பொறித்த சலவைக்கல் பதித்தார்கள்.

ஆண்டுதோறும் மே 19-ந் தேதி, அந்தக் கல்லுக்குச் சிவப்பு ரோஜாக்கள் வருவது வழக்கம்.