காடு தின்ற பற்கள்
(தொடர் – 11)

பட்டதொம்பலென என்ற குகையும் அதன் சின்னஞ்சிறு கற்கருவிகளும் போன வாரத்தோடு முடிந்தன. மறந்தவர்கள் பழைய இதழைப் புரட்டிக்கொள்ளுங்கள். இலங்கையின் ஆதி மனிதரான பலாங்கொடை மனிதனுக்கும் பழங்குடிகளான வேடர்களுக்கும் உள்ள உறவை இந்த வாரம் எழுதுவதாகச் சொல்லியிருந்தேன். எழுதத்தான் உட்கார்ந்தேன். பல் விவகாரம் இழுத்துக்கொண்டு போய்விட்டது.

எங்கள் எம்பிலிப்பிட்டியப் பக்கத்துப் பல் அது. உடவளவைப் பக்கம் பெல்லன்பெந்திபலஸ்ஸ என்றோர் இடம். குகை கிடையாது, திறந்த வெளி. 1956 முதல் ஆய்வாளர் பி.இ.பி. தெரணியகல அங்கே தோண்டினார். பண்டைய மனிதர் சுமார் 30 பேரின் எலும்புக்கூடுகள் கிடைத்தன. ஆண்கள் ஏறத்தாழ 174 சென்ரிமீற்றர் உயரமாம், என்னைவிட உயரம். பற்களும் பெரியவை.

2015இல் தொல்லியலாளர் பற்றிக் றொபேட்ஸும் அவருடைய கூட்டாளிகளும் 'சயன்ஸ்' சஞ்சிகையில் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். பட்டதொம்பலென, ஃபாஹியன்லென, குரகல ஆகிய இடங்களோடு நம் பெல்லன்பெந்திபலஸ்ஸவும் சேர்த்தி. மொத்தம் 26 பேரின் பற்கள்.

பல்லின் எனாமலில் மெல்லிய துளையாணியால் துளியளவு தூளைச் சுரண்டி எடுக்கிறார்கள். அதில் அமிலம் பட்டதும் காபனீரொட்சைட்டு வாயு கிளம்புகிறது. அந்த வாயுவில் பாரமான காபன் எவ்வளவு, இலேசான காபன் எவ்வளவு என்று கருவி அளக்கிறது. மரம், செடி, கிழங்கு ஆகியவற்றில் பாரமான காபன் குறைவு; வெளிச்சம் புகாத அடர்காட்டின் அடியில் இன்னும் குறைவு. வெப்பநாட்டுப் புல்வெளிகளில் வளரும் புல்லில் அது கூடுதல். புல்லை மான் தின்று, மானை மனிதன் தின்றால் கணக்கு மனிதனுடைய பல்லுக்கு வந்துவிடும். எலும்பு வாழ்நாள் முழுக்கத் தன்னைப் புதுப்பித்துக்கொண்டே இருக்கும். எனாமல் அப்படியல்ல. சிறுவயதில் எழுதியது எழுதியதுதான்.

இதை வாசித்த நாளிலிருந்து எந்தச் சாப்பாட்டைப் பார்த்தாலும் 'இது மரங்களின் கட்சியா, புல்வெளிக் கட்சியா' என்ற கேள்விதான். நெல் புல்லினம்தான், ஆனாலும் மரங்களின் கட்சி. குரக்கன், சோளன், கரும்பு மூன்றும் புல்வெளிக் கட்சி. செவனகல சீனி போட்ட பிளேன்டீயில் ஒவ்வொரு மிடறும் புல்வெளிக் கணக்கில் சேரும். சோளத் தீவனம் தின்று வளர்ந்த புறொய்லர் கோழியும் அப்படியே. ஐரோப்பாவில் பீற்றூட் வகைக் கிழங்கிலிருந்தும் சீனி எடுக்கிறார்கள். அது மரங்களின் பக்கம். ஆக, ஒரே அளவு சீனி கலந்த தேநீரை அங்கொரு பிள்ளையும் இங்கொரு பிள்ளையும் குடித்தாலும், பல்லில் ஏறும் கணக்கு வேறு. இதை வீட்டில் சொன்னேன். சீனியைக் குறைக்கச் சொன்னார்கள்.

அந்த 26 பேருக்கு வருவோம். கிட்டத்தட்ட எல்லோருடைய பற்களும் ஓரளவு திறந்த மழைக்காட்டு உணவையே காட்டின. புல்வெளிச் சாயல் தெளிவாகத் தெரிந்தது இரண்டே பற்களில். அவையும் சுமார் 3,000 ஆண்டுப் பழையவை; இரும்புக் காலமும் பயிர்ச்செய்கையும் தலைதூக்கிய நேரம். விவசாயம் தெரியாமல் மழைக்காட்டில் நெடுங்காலம் பிழைக்கவே முடியாது என்று 1980களில் வாதாடியவர்கள் உண்டு. எங்கள் பகுதிப் பல்லுகள் அதற்கு நேர் எதிராகச் சாட்சி சொல்கின்றன. 20,000 ஆண்டுகளுக்கு முந்தைய பனியுகத்திலிருந்து தட்பவெப்பம் எத்தனையோ மாறியும் இவர்கள் காட்டை விடவில்லை. வேறு போக்கிடம் இல்லாமல் அங்கே ஒடுங்கிக் கிடந்தவர்களாக எனக்குத் தோன்றவில்லை. காட்டுச் சாப்பாடு அவர்களுக்குக் கட்டுப்படியாகியிருக்கிறது.

என்ன சாப்பாடு? ஃபாஹியன்லெனவில் கிடைத்த விலங்கு எலும்புகளை ஆராய்ந்த ஓஷான் வெதகே குழு 2019இல் பதில் தந்தது: பெரும்பாலும் குரங்கும் மரஅணிலும். உச்சிக் கிளையில் தாவும் குரங்கை 45,000 ஆண்டுகளுக்கு முன் எப்படி வீழ்த்தினார்கள்? முன்பு தின்ற குரங்கின் எலும்பையே கூராக்கி எய்தார்கள். அடுத்த வாரம் அந்த எலும்பு முனைகளில் தொடங்கி வேடர்களிடம் போவோம், ஆசிரியர் இன்னொரு பக்கம் தந்தால்.